டப்பாவில் ஸ்கோப் என்று போட்டிருந்தது

லென்ஸ் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அமிர்தராஜ் திருகைத் தளர்த்தி, அதை ஒரு நூல் அளவு திருப்பி, மறுபடி இறுக்கினார்.

தியேட்டர் மெஷினுக்கு உண்டான ஸ்கோப் லென்ஸ் அது. கோயமுத்தூர் உக்கடத்தில் பழைய சாமான் விற்கும் அப்துல் கையூமிடம் சொல்லிவைத்து வாங்கியது. அவருடைய பதினாறு எம்.எம். புரொஜெக்டரோ வீட்டில் வைத்துப் படம் பார்க்கிற சின்ன மெஷின். அதன் மூக்குக்கு முன்னால் இந்தக் கனத்தை நிறுத்துவதற்காக, கணபதியில் ஒரு லேத் பட்டறையில் அலுமினிய வளையமும் தாங்கியும் செய்து வாங்கி வந்திருந்தார்.

ஊரெல்லாம் கேபிள் டிவி வந்துவிட்டதே, இது யார் பார்க்க என்று பட்டறையில் கேட்டார்கள். என் வீட்டுக்காரி பார்க்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

வீட்டுக்காரி செசிலியாள் கட்டிலில் உட்கார்ந்து எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் இருந்ததைக் கழற்றித் தன் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு, அந்த ஆணியிலும் பக்கத்து ஆணியிலுமாகச் சென்னிமலை வெள்ளைப் போர்வையைக் கட்டியிருந்தாள்.

மகள் ஜெனிதாவை மேட்டுப்பாளையத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். சீர் போதவில்லை என்ற மனத்தாங்கலில், அவளுடைய இரண்டாவது குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு அந்த வீட்டிலிருந்து இவர்களைக் கூப்பிடவில்லை. மாப்பிள்ளையின் தம்பி பிராங்க் சென்னையில் சினிமா கேமரா உதவியாளன். அன்றைக்கு எடுத்த ரீலை அவன்தான் கொண்டுவந்து கொடுத்தான். கட்டாயம் பாருங்கள் மாமா என்று, வாசலைத் தாண்டியவன் திரும்பி வந்து இன்னொரு முறை சொல்லிவிட்டுப் போனான்.

அவன் கொடுத்த அன்றே ஓட்டியபோது மாதா கோவில் வாசலில் ஜெனிதா மட்டும் துணி சுற்றிய குழந்தையோடு தெரிந்தாள். நன்றாகப் பார்ப்பதற்குள் பல்பு வெடித்துவிட்டது. அந்தப் பல்பு கோயமுத்தூரில் எங்கும் கிடைக்கவில்லை.

"எம்புள்ள எளச்சு இத்துப் போயிட்டாளுங்க. வாங்க, போய்க் கூட்டியாந்தர்லாம்" என்று அப்போதே எழுந்துவிட்டாள் செசிலியாள்.

அமிர்தராஜ் சிரித்தார். தியேட்டரில் ஆபரேட்டராகவே தலை நரைத்தவர். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள். ரீல் வந்த டப்பாவைத் தூக்கிக் காட்டினார். மூடியில் ஸ்கோப் என்று போட்டிருந்தது. ஸ்கோப் என்றால் அகலமான காட்சியைப் பக்கவாட்டில் நெருக்கிப் பிலிமில் அடைப்பது. லென்ஸ் போட்டால்தான் விரியும். போடாமல் ஓட்டினால் பயில்வான்கூட ஈர்க்குச்சிதான்.

எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னார். செசிலியாள் மறுபடி உட்கார்ந்தாள். கட்டிக்கொடுத்த பெண்ணைத் திரும்பக் கூட்டிவந்து ஊர் வாயில் விழுவதைவிட, அதை நம்புவது சுலபமாக இருந்தது.

இப்போது இரண்டு வருடமாக அவள் அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேசினால் ஒரே பேச்சு: அன்றைக்கே போயிருக்கலாம்.

இன்று பல்பும் இருந்தது, லென்ஸும் இருந்தது. தான் சொன்னது சரி என்று அவளுக்குக் காட்டிவிட வேண்டும். இந்த உலகத்தில் அமிர்தராஜுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

சன்னலைச் சாத்திவிட்டு மெஷினைப் போட்டார்.

வெளிச்சம் போர்வை முழுக்க விரிந்தது. கோவில் வாசலில் ஜெனிதா நின்றாள். கன்னம் இருந்தது. தோள் இருந்தது. கலியாணத்தன்று இருந்த அதே ஜெனிதா.

செசிலியாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பார்த்தாயா என்று கேட்க அமிர்தராஜ் அவள் பக்கம் திரும்பினார். அதற்குள் மற்றவர்கள் கோவிலிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

மாப்பிள்ளை வந்தார். வேலிக்கம்பு மாதிரி இருக்கிற மனிதர், இதில் அரிசி மூட்டையாக இருந்தார். மாமியார் வாசலையே அடைத்துக்கொண்டு வந்தாள். சாமியாரின் முகம் பூசணிக்காயாக அகன்றிருந்தது. அவர்களை ஏற்றிக்கொள்ள வந்த காரின் சக்கரம் முட்டையாக உருண்டது.

ஜெனிதா அவர்கள் நடுவில் வந்து நின்றாள். அத்தனை பேரிலும் அவள் ஒருத்திதான் அளவாக இருந்தாள்.

அமிர்தராஜின் கை தாங்கியின் திருகுக்குப் போயிற்று.

இது ஸ்கோப் படமே இல்லை. சாதாரணமாக எடுத்த படம். டப்பாதான் வேறு எந்தப் படத்தினுடையதோ. லென்ஸ் எல்லோரையும் இரண்டு மடங்காக்குகிறது. இரண்டு மடங்காக்கியும் ஜெனிதா பழைய ஜெனிதா அளவுக்குத்தான் வந்திருக்கிறாள். பிராங்க் எதற்காகத் திரும்பி வந்து சொன்னான் என்பது அவருக்கு இப்போது புரிந்தது.

திருகைத் தளர்த்தி லென்ஸை நகர்த்தினால் போதும். செசிலியாளும் பார்த்துவிடுவாள்.

"அந்த ஊட்டுச் சோறு எல்லாத்துக்கும் ஒட்டியிருக்குதுங்க. மாப்பிள்ளைகூடப் பெருத்துப்போட்டாரு" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "எம்புள்ள நல்லாத்தானுங்க இருந்திருக்கறா. நாந்தான் உங்களை வாய்க்கு வந்தபடி பேசிப்போட்டேன்."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை நாளும் அலைந்தார்.

ரீல் தீர்ந்து அதன் வால் படபடவென்று அடிக்கிற வரைக்கும் கை திருகின் மேலேயே இருந்தது. திருகவில்லை.

செசிலியாள் போர்வையை அவிழ்த்து மடித்தாள். கட்டிலில் கவிழ்த்து வைத்திருந்ததை எடுத்து முந்தானையால் துடைத்தாள். ஜெனிதாவின் போட்டோ. அந்த வருடம் ஈஸ்டர் முடிந்து ரீல் வந்தது. ஆடி முடிவதற்குள், காமாலை என்று சொல்லி, அவளைப் பெட்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். அன்றிலிருந்து அந்தப் போட்டோவைத் தொட அவள் அவரை விட்டதில்லை.

கசங்கியிருந்த பிளாஸ்டிக் மாலையை நீவிச் சரிசெய்தாள்.

"இந்தாங்க, நீங்களே மாட்டுங்க" என்று அவர் கையில் கொடுத்தாள்.