செஞ்சிப்பி மண்

தளபதி ஈயச் சிப்பாயைத் தூக்கி, அதன் காலடியை நகத்தால் சுரண்டினான்.

வெள்ளைச் சுண்ணாம்புக்கு அடியில் சிவப்பாகச் சிப்பித்தூள் தெரிந்தது.

எதிரே நின்ற சுப்பன் மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டான். கெடுத்தேனே காரியத்தை!

உலாந்தா என்னும் டச்சுக் கோட்டைக்காரர்கள் ஊர் மீன்வலைகளிலிருந்து அறுத்துக்கொண்டுபோன ஈயக்குண்டுகளை உருக்கி அவன் வார்த்த சிப்பாய்கள் இவை. மொத்தம் நாற்பது, கட்டைவிரல் உயரம். உடம்பு, கை, துப்பாக்கி எல்லாம் தனித்தனியாக வார்த்து ஒட்டினான். மரவில்லையில் நிறுத்தி, பிசின் தடவி, மண் தூவி, வர்ணம் பிடிப்பதற்காகச் சுண்ணாம்பு பூசினான். மேசைமேல் ஏரியை வரைந்துவைத்து, அதில் இவற்றை நகர்த்தித்தான் தளபதி எந்தத் தீவை எப்படி வளைப்பது என்று பார்ப்பான்.

இக்கரை மண்ணையே தூவியிருக்கலாம். எடுப்பாக இல்லையே என்று தொழில் புத்தி கேட்கவில்லை. அடிமைக் கப்பலிலிருந்து தப்பி ஒரு தீவில் ஒளிந்திருக்கும் மகள் எல்லம்மாவுக்குச் சோறு கொண்டுபோனவன், அங்கே மட்டுமே கிடைக்கும் இந்தச் சிவப்பு மண்ணில் ஒரு பிடியை மடியில் முடிந்துகொண்டு வந்துவிட்டான். அதுவும் ஏரியில் யாரும் தோணி விடக் கூடாது என்று தடை போட்டிருக்கும் மாதத்தில்!

தளபதி தன் மொழியில் ஏதோ கேட்டான்.

"இந்த மண்ணு எந்தத் தீவுதுன்னு கேக்குறாரு. தடையை மீறி நீ போயிருக்கன்னா, ஓடிப்போனவங்க அங்கதான் இருப்பாங்கன்னு சொல்றாரு," என்றான் துபாஷி தசரதன்.

எல்லம்மாவை இன்னொரு தடவை அந்தக் கப்பலில் ஏற்ற விடமாட்டான். செத்தாலும் விடமாட்டான்.

"கொக்குத்திட்டு," என்றான் சுப்பன்.

தசரதனின் முகம் செத்துப்போயிற்று.

அவன் வாயைத் திறக்கட்டும் என்று சுப்பன் காத்திருந்தான். எந்தப் பேச்சையும் எப்படியும் திருப்பத் தெரிந்த ஆள் அவன்.

ஆனால் ஊர்ப் பெயரைச் சொல்லத் துபாஷி எதற்கு? தளபதிக்கே விளங்கிவிட்டது. சிப்பாய்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொக்குத்திட்டைச் சுற்றி நிறுத்தினான். வாசலைப் பார்த்து, படகுகளை இறக்கச் சொல்லிச் சத்தம் போட்டான். தசரதன் அவன் காலைப் பிடித்துக்கொண்டு கதறியதை யாரும் காதில் வாங்கவில்லை.

தசரதனின் பெண்டாட்டி பிள்ளைகள் கொக்குத்திட்டில்தான் இருந்தார்கள். அது சுப்பனுக்குத் தெரியும். தெரிந்துதான் எல்லம்மா இல்லாத அந்தத் தீவைச் சொன்னான், தன் வீட்டாருக்காகத் தசரதன் எப்படியும் பேச்சை மாற்றிவிடுவான் என்று நம்பி.