நாலு விரல் தடம்

காலடித் தடத்தை நம்பி வரலாறு எழுதுகிறவன், நிழலுக்கு அளவெடுத்துச் சட்டை தைக்கிறவன்.

கல்லூரி விவாத மேடையில் அவன் இப்படித்தான் ஆரம்பித்தான். அமெரிக்கக் கண்டத்தில் மனிதன் முதலில் கால் வைத்தது எப்போது என்பது தலைப்பு.

வறண்ட ஏரிப் படுகையில் கிடைத்த தடங்களுக்கு வயது இருபதாயிரத்துக்கு மேல் என்றது எதிரணி.

வயதைச் சொன்னது பக்கத்தில் கிடந்த நீர்ச்செடி விதை. அது தண்ணீரில் கரைந்த பழைய கரியைக் குடித்து வளர்வது; சோதித்தால் வயதைக் கூட்டிக் காட்டும். பெரியப்பாவின் அடையாள அட்டையைக் காட்டி உள்ளே நுழைகிற ஆசாமி என்றான். அரங்கம் சிரித்தது.

மகரந்தத்தைச் சோதித்தாலும் அதே வயதுதான் வருகிறது என்றாள் எதிரணிப் பெண். காற்றோடு போகிறதற்கு ஏது விலாசம் என்றான். கோப்பை அவனுக்கு.

வீட்டிலும் இதே வழக்குதான்.

தம்பி கோபித்துக்கொண்டு போய் மூன்று மாதம். கொல்லையில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், காய்ந்த சேற்றில் ஓர் இடது கால் தடம். அம்மா அதன்மேல் பிளாஸ்டிக் தொட்டியைக் கவிழ்த்துக் காப்பாற்றி வந்தாள்.

தம்பி போன பிறகுதான் அங்கே குழாய் பதித்தார்கள். தடம், தோண்டிய மண்ணின்மேல் இருக்கிறது. ஆகவே நடுவில் வந்து எட்டிப் பார்த்திருக்கிறான், உயிரோடு இருக்கிறான். இது அம்மாவின் வாதம்.

குழாய்க்காரர் கால் என்பது அவன் வாதம்.

"அவருக்குச் சுண்டுவிரல் இருக்குடா. இதுல நாலுதான், நல்லா பாரு."

தம்பியின் சுண்டுவிரல் சின்ன வயதிலேயே சைக்கிள் சக்கரத்தோடு போனது.

"சேறு காயறப்ப ஒண்ண முழுங்கிடுச்சும்மா" என்பான்.

தினமும் சாயங்காலம் அம்மா தொட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டுத் தடத்துக்கு வெயில் காட்டுவாள். இன்று அவன் வீட்டுக்குள் நுழையும்போது தூறல் விழுந்தது. அம்மா அடுப்படியில் இருந்தாள்.

கோப்பையைப் போட்டுவிட்டுக் கொல்லைக்கு ஓடினான். மேடைக்காக இரவல் வாங்கிய கோட்டைக் கழற்றி, தடத்தின்மேல் பந்தல் மாதிரிப் பிடித்துக்கொண்டு குந்தினான்.

தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த அம்மா அப்படியே நின்றாள்.

"இப்பவாவது நம்புறியா? வந்துட்டுத்தான் போயிருக்கான்."

"ஆமாம்மா. வந்துட்டுத்தான் போயிருக்கான்."

கோப்பையை வாங்கியதும் அவன் நேரே வீட்டுக்கு வரவில்லை. போலீஸ் கூப்பிட்டு, ஆஸ்பத்திரிப் பிணவறைக்குப் போயிருந்தான்.

முகம் பார்க்கிற நிலையில் இல்லை என்று கால்பக்கத் துணியை மட்டும் விலக்கினார்கள்.

இடது கால் விரல்களை எண்ணினான். என் தம்பிதான் என்று சொல்லிவிட்டு வந்திருந்தான்.