பெருநாளில் இறங்காத கோடு

"இந்தப் பிழையை ரெண்டு மாசம் முன்னாடியே நான் சொன்னேன்னு அறிக்கையில எழுதுங்க சார்."

வேலை கொடுத்தவரிடம் எதையும் எழுதித் தரச்சொல்லிக் கேட்காதே என்று, பள்ளிக்கூடம் பெருக்கும் என் அம்மா சொல்லியிருக்கிறாள். என் மேலாளர் ஷாத்லி சார் பெருநாள் மக்ரூத் தட்டை என் பக்கம் நகர்த்துகிறார். பலகாரத்துத் தேனில் தூனிஸ் நகரத்து வெயில் மின்னுகிறது. திரையில், ஆம்புலன்ஸ் அழைப்புகளை வாங்கும் எங்கள் கணினி நிரல் எவ்வளவு நினைவகத்தை நிரப்பியிருக்கிறது என்று காட்டும் கோடு. முடிந்துபோன அழைப்புகளையும் நிரல் விடாமல் பிடித்துக்கொள்வதால் அது ஏறிக்கொண்டே போகும். தினமும் நண்பகல் தொழுகைக்குக் கிளம்புமுன் யாராவது நிரலை நிறுத்தித் திரும்பத் தொடங்கினால் இறங்கும். அதைச் சரிசெய்ய நான் எழுதிய இரண்டு வரிகள் இவருடைய ஒப்புதலுக்குக் கிடந்தன. பெருநாளுக்கு அலுவலகம் மூன்று நாள் பூட்டிக் கிடந்தது. கோடு இறங்கவே இல்லை. மூன்றாம் நாள் மாலை, நினைவகம் நிரம்பி நிரல் நின்றுபோன இடத்தில், உச்சியில் அறுந்து நிற்கிறது. அந்நேரம் நஜீபா என்ற பெண் அழைத்தபடியே இருந்திருக்கிறாள். வண்டி வராமல் கணவர் இறந்துபோனார். இன்று காலையில் அலுவலக வாசலில் நின்று, "ஏன் யாரும் எடுக்கலம்மா?" என்று கேட்டு, முகவரி கொடுத்துப் போனாள்.

"மின்தடைன்னு போட்டாச்சு, ஹயாத். பட்டம் வாங்கின திமிரா? வீட்டுல இப்படித்தான் பேசக் கத்துக்கொடுத்தாங்களா?"

"எங்க வீட்டுல யாருக்கும் எழுதத் தெரியாது சார். எனக்குத் தெரியும்."

அவர் இப்போது ஒப்புதல் பொத்தானை அழுத்துகிறார். நிரல் மறுபடி ஓடத் தொடங்க, கோடு இறங்கிச் சமமாகப் படுத்துக்கொள்கிறது. ஒரே ஓர் அழுத்து. காலையிலேயே அச்சடித்த பழைய கோட்டுப்படம் என் பையில், நஜீபாவின் முகவரியோடு இருக்கிறது. அடையாள அட்டையைக் கழற்றித் தட்டருகே வைத்துவிட்டு வெளியே நடக்கிறேன்.