முந்தி வந்த ஆமென்

பிரெஞ்சு பேசும் சென்ட் லோரன்டில் சனிக்கிழமை மத்தியானம். வாசற்படியில் உறைந்த பனியைக் கேட்காமலே வாரித் தள்ளிய வீடு வீடாக மதம் பரப்ப வரும் இரண்டு மோர்மன் இளைஞர்களை நேசமலர் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாள். பாத்திரம் திருப்பிக் கொடுக்க வந்த பக்கத்து வீட்டுச் சைவசமயக்காரன் நான். போக மனமில்லாமல் கதிரையில் இருக்கிறேன். கதவடியில் அவர்களுடைய சப்பாத்துகளிலிருந்து பனி உருகி ஓடுகிறது. தேத்தண்ணி அவர்கள் சமயத்தில் விலக்காம், தண்ணீர் கேட்கிறார்கள். இடியப்பத்தில் ஆவி பறக்கிறது. நேசமலரின் கணவர் அருள்தாசன் என் பக்கம் சாய்கிறார். “அவை கிறிஸ்தவரே இல்லை எண்டு பாஸ்டர் சொன்னவர். சேர்ந்து ஜெபிச்சது தெரிஞ்சால் பேந்து என்னைச் சபையில பாட விடமாட்டினம்.” பைபிள் இரண்டு சபைக்கும் ஒன்றுதான். இந்த இளைஞர்களிடம் மேலதிகமாக இன்னொரு புத்தகம் இருக்கிறது, வழக்கு அங்கேதானாம். இந்த வீட்டில் சாப்பாட்டுக்கு முன் விருந்தாளிதான் ஜெபிக்க வேண்டும். “ஜெபம் பண்ணுங்கோ தம்பி,” என்று பழக்கத்தில் கைகூப்பிக் காட்டிவிட்ட நேசமலர், கணவரின் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடிக்கிறாள். இளைஞர்களில் உயரமானவனுக்கு விளங்கிவிட்டது. அவன் கைகூப்பவில்லை, தங்கள் முறைப்படி இரண்டு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டு தலை குனிகிறான். அருள்தாசன் கண்களை மூடாமல் சுவர் மணிக்கூட்டையே பார்க்கிறார். அவன் பிரெஞ்சில், மெதுவாக, சமைத்த கைகளுக்கு நன்றி சொல்கிறான். யேசுவின் நாமத்தில் என்று அவன் நிறுத்த, அவனையும் முந்திக்கொண்டு ஓர் ஆமென் கேட்கிறது. சபையில் பாடிப் பழகிய கனத்த குரல். அருள்தாசன் இன்னும் மணிக்கூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.