மேல்வீட்டுக் கிடார், கீழ்வீட்டுத் தூக்கம்

பிற்பகல் வெயில் ஜன்னல் வழியே தரையில் நீண்டு கிடக்கிறது. மேல்வீட்டுக் கிடார்க்காரன் ஆம்ப்ளிஃபயரின் பின்பலகையைக் கழற்றிவைத்து, ஒலியைப் பெருக்கும் பழைய கண்ணாடி வால்வைத் துணியால் பற்றி, மெல்ல ஆட்டி உருவுகிறான். கீழ்வீட்டு நர்ஸ் அக்கா நாற்காலியில் உட்கார்ந்து பெட்டிக்குள் டார்ச் அடிக்கிறாள். இரவுப் பணி முடித்து வந்தவள். சண்டைக்கென்றுதான் படியேறினாள்; வந்த இடத்தில் டார்ச் கையில் ஏறிவிட்டது. “உன் கிடார் சத்தம் பல்லுக்குள்ள ஊசி ஏத்துற மாதிரி இருக்கு தம்பி. நாலு நாளா பொட்டுத் தூக்கம் இல்ல.” “எனக்கே காது கூசுதுக்கா. இத மாத்தினா சத்தம் பதமாயிடும்.” விரல் நீளமுள்ள புதுக் கண்ணாடி வால்வை, ஊசிக்கால்கள் வளையாமல் குழிகளில் பொருத்தி அழுத்துகிறான். சுவிட்சைப் போட்டதும் கண்ணாடிக்குள் செம்மஞ்சள் கனல் மெல்ல ஊறிவருகிறது. ஒரு தந்தியை மீட்டுகிறான். கிறீச்சென்ற அந்தக் கூர்மை போய், தொண்டைக்கட்டு விட்ட குரல்போல ஒலி கனிந்து அறையில் தங்குகிறது. அவனுக்கே நம்ப முடியவில்லை. சின்ன மெட்டு ஒன்றை முழுதாக வாசித்துவிட்டு, “இப்ப எப்படி இருக்குக்கா?” என்கிறான். அக்காவின் தலை சுவரில் சாய்ந்திருக்கிறது. வாய் லேசாகத் திறந்திருக்கிறது. நிறுத்தினால் எங்கே விழித்துவிடுவாளோ என்று, அவன் அதே மெட்டை மறுபடி தொடங்குகிறான்.