மூன்று கோல், ஒரு மீசை

"இன்னும் கொஞ்சம் தூக்கு வீப்கே! ஜன்னலை விட்டு நகராதே!"

"கை கழண்டு விழுந்துடும் எக்கார்ட்! கேபிளை நிறுத்தாதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டியா?"

வீப்கே முக்காலிமேல் நின்று, தட்டையான ஆன்டெனாவை ஜன்னல் கண்ணாடியில் அழுத்திப் பிடித்திருந்தாள். டிவியில் ஆட்கள் சதுரம் சதுரமாக உடைந்து, அப்படியே உறைந்து நின்றார்கள்.

எக்கார்ட் டிவியின் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினான். ஹூஸும் ஊர் அணி கோப்பை இறுதி ஆட்டத்துக்கு வந்திருப்பது அவனுக்கு நினைவு தெரிந்து இதுதான் முதல் தடவை. மூன்று கோல் போட்டால் மீசையை எடுத்துவிடுவதாகப் பீர் கடையில் எல்லோர் முன்னாலும் சத்தியம் வேறு செய்திருந்தான். கடல்சிங்கத்துக்கு இருப்பது போன்ற மீசை. வீப்கேயைவிட அதற்குத்தான் அதிகச் சீராட்டு.

"பழைய டிவின்னா புள்ளி புள்ளியாவாவது ஆள் தெரிவான். இந்த டிஜிட்டல் வந்தா முழுசா வருது, இல்லேன்னா ஒரேயடியா படுத்துடுது!"

அப்போது மாடியிலிருந்து ஒரு பெண்குரல் காதைப் பிளந்தது.

"டோ...ர்!"

தூக்கத்தில் கேட்டாலும் ஜெர்மன்காரன் துள்ளி எழுகிற வார்த்தை. கோல்!

"போட்டுட்டான்! ஐயோ, நான் பாக்கலையே!"

"மாடியில யாரு, போன வாரம் வந்த டென்மார்க்காரியா?"

"அவளேதான். வந்து எட்டு நாள் ஆகல, நம்ம டீம்மேல என்ன பாசம் பாரு!"

ஆன்டெனாவைப் பூந்தொட்டிக்குப் பின்னால் வைத்தார்கள். அலமாரி உச்சியில் வைத்தார்கள். வீப்கே தலையில்கூட வைத்துக்கொண்டு நின்று பார்த்தாள். கொஞ்சம் புல்தரை தெரிந்தது, மறுபடி சதுரம்.

மாடியில் மறுபடியும், "டோர்! டோ...ர்!"

"மூணு! மூணு கோல் வீப்கே!" எக்கார்ட்டுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

"அப்போ மீசை?"

அவன் முகம் சுருங்கியது. "எடுத்துடுறேன். நம்ம பசங்களே சொன்னதைச் செஞ்சுட்டாங்க, நான் பின்வாங்கினா நல்லாவா இருக்கும்?"

குளியலறையில் மீசையை மழித்துவிட்டு அவன் திரும்பி வந்தபோது, வீப்கே வெறுத்துப்போய் ஆன்டெனாவைச் செருப்புகளுக்கு நடுவே போட்டிருந்தாள். படம் பளிங்கு மாதிரி வந்துகொண்டிருந்தது.

"முத்தம் கொடுக்கிற மாதிரி இப்பத்தான் இருக்கே. உக்காரு, கடைசி நிமிஷம்."

எக்கார்ட் உட்காரவில்லை. திரையின் மூலையையே வெறித்தான். பூஜ்யத்துக்குப் பூஜ்யம்.

"இதென்ன... அந்த மூணு கோல் எங்கே?"

அழைப்பு மணி அடித்தது. வாசலில் மாடி வீட்டு டென்மார்க்காரி, கையில் ஒரு கிண்ணம் மீனோடு நின்றாள்.

"தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க. என் பூனை இந்தப் பக்கம் வந்துச்சா? கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டையே கட்டிப்போச்சு. அவன் பேரு டோர்."