இருபது மீட்டர் கோடு

“நீ பொய் சொல்லுவ. ரோட்டுல விழுந்த கோடு சொல்லாதுடா” என்றார் சப்-இன்ஸ்பெக்டர் தியாகேசன். எதிரே, முழங்கைச் சிராய்ப்போடு ஷஹ்பாஸ் நின்றான். வெள்ளிக்கிழமை துபாய்க்கு விமானம் ஏற வேண்டியவன். வழக்குப் பதிவானால் விசா அவ்வளவுதான்.

அன்று காலை குத்தாலம் சாலையில் அவனுடைய பைக் சறுக்கிப் போய், ஓரமாக நடந்துபோன வீரையனின் காலை முறித்திருந்தது. “மெதுவாத்தான் சார் வந்தேன். ரோட்டுல நெல்லு காயப் போட்டிருந்தாங்க, வழுக்கிடுச்சு.”

தியாகேசன் போய்ப் பார்த்தபோது அங்கே ஒரு மணி நெல்கூட இல்லை. ஊரில் கேட்டால், “ரோட்டுல நெல்லா? நாங்களா?” என்று பச்சைப் பிள்ளைகள் மாதிரி கையை விரித்தார்கள். மிஞ்சியது பைக் சறுக்கிய கோடு ஒன்றுதான், இருபது மீட்டர். அதை வைத்து வண்டியின் வேகத்தைக் கணக்குப் போடத்தான் ஞாயிற்றுக்கிழமையும் பார்க்காமல் இயற்பியல் டீச்சர் எழில்மொழியை வரவழைத்திருந்தார்.

டீச்சர் வந்ததிலிருந்து இரண்டு கைகளையும் சொறிந்துகொண்டே இருந்தார். ஸ்டேஷன் கொசுவின் பெருமை தியாகேசனுக்குத் தெரியும். எழுந்துபோய் ஃபேனைக் கூட்டி வைத்தார்.

“வண்டி வேகம் ஒரே சீராக் குறைஞ்சு நின்னுச்சுன்னு வச்சுக்குவோம் சார். தார் ரோட்டுக்கு எதிர்முடுக்கம் ஏழு. ரெண்டு, ஏழு, இருபது, மூணையும் பெருக்கினா இருநூத்தி எண்பது. அதோட வர்க்கமூலம்தான் வேகம். மணிக்கு அறுபது கிலோமீட்டர் வருது.”

“முப்பதுலதான் டீச்சர் வந்தேன்” என்றான் ஷஹ்பாஸ். கையெடுத்துக் கும்பிட்டான். தியாகேசனுக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்தால் வீரையனுக்கு யார் பதில் சொல்வது? எஃப்.ஐ.ஆர். எழுதப் பேனாவை எடுத்தார்.

“இருங்க சார்.” டீச்சர் கணக்குப் போட்ட தாளில் ஏழு என்பதை அடித்துவிட்டு இரண்டு என்று எழுதினார். “நெல்லு மேல பிரேக் பிடிக்காது. எதிர்முடுக்கம் ரெண்டுதான். அப்படிப் போட்டா முப்பத்திரண்டு கிலோமீட்டர். பையன் சொல்றது சரி.”

“பழைய ஸ்டூடண்ட்னு பரிஞ்சு பேசாதீங்க டீச்சர். நெல்லு கிடந்துச்சுன்னு சொல்ல ஊர்ல ஒரு சாட்சி உண்டா?”

டீச்சர் ஒருமுறை ஷஹ்பாஸைப் பார்த்தார். பிறகு சிவந்து தடித்திருந்த கைகளை மேசைமேல் நீட்டினார்.

“கொசு இல்ல, நெல்லுச் சுணை பட்ட அரிப்பு சார். காயப் போட்டதும் நான்தான், வாரினதும் நான்தான்.”